துணி வெட்டும் லேசர்: வாங்கும் முன் ஒரு கணக்கு



நம் மாநிலத்தில் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகைக்குத் தடை விதித்து 25.6.2018 அன்று அரசாணை வெளியானது. 1.1.2019 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பிறகு 23.12.2021 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தமிழக அரசு தொடங்கியது. கேரி பேக் தொங்கிய ஆணியில் துணிப்பை தொங்கத் தொடங்கிற்று. பை என்று வந்துவிட்டால் அதில் நம் கடைப்பெயர் இருக்க வேண்டும் என்று நினைப்பது வியாபாரிக்கு இயல்பு. ஊர் முழுவதும் நம் பெயரைச் சுமந்து செல்லும் விளம்பரப் பலகை அல்லவா அது!

நாம் சாக்கு, பை மொத்த வியாபாரத்தில் இருப்பவர்கள். சரக்கு எடுக்க வரும் சில்லறைக் கடைக்காரர்கள் சில காலமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். “அண்ணாச்சி, மேசை மேல் வைக்கிற சின்ன லேசர் மெஷின் வந்திருக்கிறதே, அதில் ஒன்று வாங்கிப் போட்டால் பைக்குப் பெயர் போட்ட மாதிரியும் ஆச்சு, துணி வெட்டிக் கொடுத்து நாலு காசு பார்த்த மாதிரியும் ஆச்சு. பையன் கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சும்மாதான் இருக்கிறான். வாங்கலாமா?” என்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. பதிலை ஒரே சொல்லில் சொல்ல முடியாது. இந்த இயந்திரம் நல்ல வெட்டுக்கத்தி. ஆனால் அச்சு இயந்திரம் அல்ல. இந்த வேறுபாட்டை மனத்தில் வாங்கிக்கொண்டவருக்கு அது சம்பாதித்துக் கொடுக்கும். மறந்தவருக்கு முதலுக்கே மோசம் வரும். அதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இயந்திரம் வேலை செய்யும் விதம்

சிறு பிள்ளைகள் பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்துக் காகிதத்தைக் கருக்கி விளையாடுவார்கள். லேசர் இயந்திரம் செய்வதும் அதே வேலைதான். வெயிலுக்குப் பதிலாக, சிதறாமல் ஒரே நிறத்தில் செல்லும் ஒளியை ஊசிமுனையைவிடச் சிறிய புள்ளியாகக் குவிக்கிறது. இரண்டு தண்டவாளங்களில் மோட்டார் அந்தப் புள்ளியை முன்னும் பின்னும், இடமும் வலமும் நகர்த்துகிறது. கம்ப்யூட்டரில் நாம் வரைந்த கோட்டின் வழியே புள்ளி ஓடும். மெதுவாக ஓடினால் துணி வெட்டுப்படும். வேகமாக ஓடினால் மேல்நூல் மட்டும் கருகி, எழுத்தாகவோ படமாகவோ தெரியும்.

முதல் லேசரை 1960-இல் அமெரிக்க விஞ்ஞானி தியோடர் மைமன் இயக்கிக் காட்டினார். மராட்டிய மாநிலம் பாராமதியில் பிறந்த குமார் படேல், 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கார்பன்-டை-ஆக்சைடு வாயு லேசரைக் கண்டுபிடித்தார். ஆலைகளில் துணி வெட்டப் பெரும்பாலும் பயன்படுவது அந்த வகை. நம்மவர்கள் கேட்கும் சின்ன மெஷினில் இருப்பது டையோடு லேசர். 1990-களின் நடுவில் ஜப்பானில் ஷூஜி நாகமுரா உருவாக்கிய நீல நிற டையோடின் வழித்தோன்றல் இது. இதன் ஒளி சுமார் 450 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட நீல ஒளி.

நீல ஒளி என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வெயிலில் கறுப்புக் குடை சூடாகும். வெள்ளைக் குடை அவ்வளவு சூடாகாது. அதுபோல் கறுப்பு, பழுப்பு, சிவப்பு, மஞ்சள் நிறங்கள் நீல ஒளியை விழுங்கிச் சூடாகும். வெள்ளையும் வெளிர் நீலமும் அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தெளிவான பிளாஸ்டிக் தாள் என்றால் ஒளி ஊடுருவிப் போய்விடும், வெட்டவே வெட்டாது. நல்லவேளையாக நம் மஞ்சப்பையின் நிறம் நீல ஒளியை விழுங்கும் நிறம். ஒரே கனமுள்ள வெள்ளைக் காடாவைவிட மஞ்சள் காடாவில் குறைந்த சூட்டிலேயே அடையாளம் விழும்.

நிகர எடையைக் கேளுங்கள்

இயந்திரப் பெட்டியின் மேல் 40 வாட், 80 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பல நேரங்களில் அது இயந்திரம் இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு. துணியைத் தொடும் ஒளியின் திறன் 5, 10 அல்லது 20 வாட்டாகத்தான் இருக்கும். டின்னோடு சேர்ந்த எடை வேறு, உள்ளே இருக்கும் எண்ணெயின் நிகர எடை வேறு என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கேயும் நிகர எடையையே கேட்க வேண்டும். “வெளிவரும் ஒளித்திறன் எத்தனை வாட்?” என்று கேட்டு, அதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஒரு டையோடு ஏறக்குறைய 5 வாட் ஒளி தரும். இரண்டு சேர்த்து 10 வாட், நான்கு சேர்த்து 20 வாட் என்று செய்கிறார்கள். துணி வேலைக்கு 5 வாட்டே போதும். 10 வாட் இருந்தால் வசதி. 20 வாட் மரப்பலகை வெட்டுகிறவர்களுக்கு உதவும். மெல்லிய துணிக்கு அவ்வளவு திறன் தேவையில்லை.

துணியை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

எந்தத் துணி என்று தெரியாமல் இயந்திரத்தில் வைக்கக் கூடாது. ஜவுளிக்கடைகளில் பழக்கத்தில் உள்ள நூல் சோதனையே இதற்கும் போதும். துணியின் ஓரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, கடைக்கு வெளியே தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள்.

பருத்தி நூல் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, மெல்லிய சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் தரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும்.

பருத்தி உருகாது, கருகும். வெட்டிய ஓரம் பழுப்பாக இருக்கும், பின்னர் பிசிறும். பாலியஸ்டர், சாட்டின் துணிகளில் வெட்டும்போதே ஓரம் உருகி ஒட்டிக்கொள்வதால் பிசிறாது. லேசருக்கே உரிய பெரிய இலாபம் இதுதான். கத்தரியால் வெட்டிய சாட்டின் பூவை ஓரம் அடித்தாக வேண்டும். லேசரில் வெட்டிய பூவுக்கு அது வேண்டாம். ஆனால் பாலியஸ்டரை நாலு மடிப்பாக அடுக்கி வெட்டினால் நாலும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒரு முறைக்கு ஓர் அடுக்குதான் வைக்க வேண்டும்.

ஜீன்ஸ் துணி பதிப்பு வேலைக்கு மிகவும் ஏற்றது. அதன் நீலச் சாயம் நூலின் மேல்பகுதியில்தான் நிற்கிறது, உட்பகுதி வெள்ளை. லேசர் மேல்சாயத்தை மட்டும் எடுத்துவிட்டால் வெள்ளை எழுத்து தெரியும். பழைய ஜீன்ஸில் பெயர்ச் சின்னங்கள் வெட்டிப் பையில் வைத்துத் தைத்தால் பார்வையாக இருக்கும்.

ரெக்ஸினை மட்டும் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். பி.வி.சி. கலந்த எந்தப் பொருளும் எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளிவிடும். அது ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். நம் நுரையீரலையும் கெடுக்கும். இயந்திரத்தின் இரும்பையும் அரிக்கும். வாடிக்கையாளர் எவ்வளவு கூலி தருவதாகச் சொன்னாலும் “முடியாது” என்று சொல்லிவிட வேண்டிய வேலை இது. நான்-ஓவன் பையும் துணியல்ல, பிளாஸ்டிக்தான். அதில் எழுத்துப் பதிக்கப் போனால் ஓட்டைதான் விழும்.

நேரமே முதல்

இனி முக்கியமான கணக்குக்கு வருவோம்.

ஒரு பையில் 10 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலத்தில் கடைச் சின்னத்தை நிரப்பிக் கருக்கிப் பதிப்பதாக வைத்துக்கொள்வோம். புள்ளி மிகச் சிறியது. ஆகவே உழவன் சால் ஓட்டுவதுபோல் கோடு கோடாக ஓடித்தான் பரப்பை நிரப்ப வேண்டும். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி 0.1 மில்லிமீட்டர் என்றால் 10 சென்டிமீட்டருக்கு 1,000 கோடுகள். ஒவ்வொன்றும் 100 மில்லிமீட்டர். ஆக மொத்தம் 1,00,000 மில்லிமீட்டர், அதாவது 100 மீட்டர். நிமிடத்துக்கு 6,000 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடினால் 16 நிமிடம் 40 வினாடி ஆகும். பையை வைப்பது, சமன் செய்வது, எடுப்பது எல்லாம் சேர்த்தால் ஒரு பைக்கு 20 நிமிடம். மணிக்கு மூன்று பை. எட்டு மணி நேரத்துக்கு 24 பை.

கோட்டு இடைவெளியை 0.2 ஆக்கினால் ஓடும் நேரம் பாதியாகும், எழுத்தும் வெளிறும். வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் நேரம் பாதியாகும். அப்போது துணியில் இறங்கும் சூடு குறையும் என்பதால் திறனைக் கூட்ட வேண்டிவரும். எப்படிப் புரட்டினாலும் நிரப்பிப் பதிக்கும் வேலை நிமிடக் கணக்கில்தான் நிற்கும்.

அதே சின்னத்தை நிரப்பாமல், எழுத்தின் வெளிக்கோட்டை மட்டும் வரைந்தால் கதை வேறு. கோடுகளின் மொத்த நீளம் 2 மீட்டர், வேகம் நிமிடத்துக்கு 3,000 மில்லிமீட்டர் என்றால் 40 வினாடியில் முடியும். வெட்டும் வேலையும் அப்படித்தான். 20 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள ஒரு துணிப்பூவை நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர் வேகத்தில் வெட்டினால் 20 வினாடி.

ஆக, கோடு போடுவதற்கும் வெட்டுவதற்கும் இந்த இயந்திரம் கெட்டிக்காரன். பரப்பை நிரப்புவதற்குச் சோம்பேறி. வேலை பிடிக்கும்போது இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள்.

கருக்கிய எழுத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது மை அல்ல, கருகிய நூல். சலவையில் கரி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். கூடுதலாகக் கருக்கினால் எழுத்து நன்றாகத் தெரியும். ஆனால் நூல் பலமிழந்து, அரிசியைப் போட்டுத் தூக்கும்போது அந்த இடத்திலேயே கிழியும். பை கிழிந்து அரிசி தெருவில் கொட்டினால் அதில் இருக்கும் பெயர் யாருடையது என்று யோசித்துப் பாருங்கள்.

500 கல்யாணப் பை

நம்மிடம் பை எடுக்கும் மளிகைக்கடைக்காரர் ஒருவர் மகனுக்காக இந்த இயந்திரத்தை வாங்கினார். உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு மணமக்கள் பெயர் போட்டு 500 தாம்பூலப் பை, 12 நாளில் தருவதாக முன்பணமும் பெற்றுக்கொண்டார். பெயரோடு குத்துவிளக்குப் படமும் நிரப்பிப் பதிக்கும் வேலை. மேலே சொன்ன கணக்குப்படி நாளைக்கு 24 பை என்றால் 12 நாளில் 288 பைதான் வரும். மூன்று நாள் கழிந்து 70 பை முடிந்த நிலையில் நம்மிடம் வந்தார். கையில் கொண்டுவந்த பையை நனைத்துக் கசக்கிப் பார்த்தோம். எழுத்து வெளிறியது.

நம் தொழிலில் மூட்டைக்கு மார்க் போடுவது எப்படி என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். தகரத்தில் எழுத்தை வெட்டி, சாக்கின் மேல் வைத்து, மை தொட்ட பிரஷ்ஷால் தட்டுவோம். ஆயிரம் மூட்டையானாலும் ஒரே தகடு. “உங்கள் மெஷின் பையைக் கருக்க வேண்டாம், மார்க் தகட்டை வெட்டிக் கொடுக்கட்டும்” என்றோம். தகரத்தை இந்தச் சின்ன இயந்திரம் வெட்டாது. ஆனால் கெட்டி அட்டையை நன்றாக வெட்டும். சில நிமிடத்தில் ஓர் அட்டை தயார். மை ஊறி நைந்துவிட்டால் அதே படத்தில் இன்னோர் அட்டை வெட்டிக்கொள்ளலாம்.

துணிப் பெயின்ட்டைப் பஞ்சில் தொட்டு, முக்கால்வாசி உலர்ந்த பதத்தில் தட்டினார்கள். ஒரு பைக்கு இரண்டு நிமிடம். 500 பைக்கு 1,000 நிமிடம். இரண்டு அட்டை வைத்து இரண்டு பேர் உட்கார்ந்ததில் ஒரு பகலும் கொஞ்சம் இரவும் ஆயிற்று. உலர்ந்ததும் மேலே ஒரு துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் சூடு கொடுத்துச் சாயத்தை நிறுத்தினார்கள். கருக்கிய 70 பைக்குப் பதிலாகப் புதிய பை நம்மிடம் எடுத்ததில் அந்த 70-இன் விலை அவருக்கு நட்டம். ஆனால் வாக்கு தவறவில்லை. திருமண வீட்டில் பெயர் கெடவில்லை.

அவர் இப்போது பையைக் கருக்கிப் பதிப்பதில்லை. சிறு ஆர்டருக்கு அட்டை வெட்டித் தட்டுகிறார். பெரிய ஆர்டர் வந்தால் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவரிடம் கொடுத்து வாங்குகிறார். இயந்திரம் சும்மாவும் இல்லை.

தமிழ் எழுத்துக்கு ஒரு பாலம்

அட்டையில் எழுத்து வெட்டும்போது ஒரு சங்கடம் வரும். க, த, ன, ண, ழ போன்ற எழுத்துக்களில் சுழியும் கண்ணும் உண்டு. சுற்றிலும் வெட்டினால் நடுவில் இருக்கும் துண்டு கீழே விழுந்துவிடும். எழுத்து அடைபட்டு மொத்தையாக அச்சாகும். சுழியின் உள்பகுதியை வெளிப்பகுதியோடு இணைக்கும் சிறு பட்டையை வெட்டாமல் விட வேண்டும். பாலம் என்று இதைச் சொல்லலாம். 2 மில்லிமீட்டர் அகலமாவது இருந்தால்தான் பஞ்சு தட்டும்போது பிய்ந்து போகாது.

கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்தை நேரடியாக லேசர் மென்பொருளில் அடிக்காமல், இங்க்ஸ்கேப் போன்ற இலவச வரைபட மென்பொருளில் அடித்து, எழுத்தைக் கோடாக மாற்றி, பிறகு அனுப்புங்கள். இல்லாவிட்டால் சில நேரம் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் போய் நிற்கும். வெட்டும் முன் வீட்டில் இரண்டு பேரிடம் திரையைக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். ஒற்றுப்பிழையோடு 500 பை அச்சானால் திருத்த வழியில்லை.

வெட்டும் முறை

1. துணிக்குக் கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து விறைப்பாக்குங்கள். சுருக்கம் இருந்தால் புள்ளியின் குவிப்பு தவறும். ஓரிடத்தில் வெட்டும், ஓரிடத்தில் வெட்டாது.

2. பருத்தியில் சின்னம் வெட்டுவதானால், தையல்காரர்கள் காலருக்கு ஒட்டும் ஃப்யூசிங் துணியைப் பின்புறம் ஒட்டிவிட்டு வெட்டுங்கள். ஓரம் எளிதில் பிசிறாது.

3. தேனடை போன்ற உலோகத் தட்டின் மேல் துணியைப் பரப்பி, நான்கு ஓரத்திலும் காந்தம் வையுங்கள். மரமேசை மேல் நேராக வைக்காதீர்கள். ஒளி துணியைத் தாண்டி மேசையைக் கருக்கும்.

4. பைக்குள் பதிப்பதானால் உள்ளே ஓர் அட்டையைச் செருகுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கத் துணியிலும் அடையாளம் விழும்.

5. இயந்திரத்தோடு தரும் அளவுத் துண்டைக் கொண்டு லென்ஸுக்கும் துணிக்கும் இடையே உயரத்தைச் சரி செய்யுங்கள்.

6. வெட்டும்போது காற்று ஊதும் சிறு பம்பைப் போடுங்கள். அது புகையை விலக்கும். சுடர் எழாமல் தடுக்கும். காற்று பலமாக இருந்தால் மெல்லிய துணி படபடக்கும், அதற்கேற்பக் குறையுங்கள்.

7. ஒரே ஓட்டத்தில் மெதுவாக வெட்டுவதைவிட, வேகமாக இரண்டு ஓட்டம் ஓட்டினால் ஓரத்தில் கருகல் குறையும்.

8. வேலை முடிந்ததும் லென்ஸின் பாதுகாப்புக் கண்ணாடியைப் பாருங்கள். புகை படிந்திருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால், இயந்திரம் ஆறிய பிறகு, துடையுங்கள். அழுக்குக் கண்ணாடி திறனைத் தின்றுவிடும்.

சோதனைக் கட்டங்கள்

‘இந்தத் துணிக்கு எத்தனை சதவீதத் திறன், என்ன வேகம்?’ என்று பலரும் கேட்கிறார்கள். ஒருவரின் எண் இன்னொருவருக்குப் பொருந்தாது. துணியின் கனம், நிறம், இயந்திரம், லென்ஸின் சுத்தம் எல்லாம் சேர்ந்தே அதை முடிவு செய்யும். ஆகவே அதே துணியின் துண்டில் ஒரு சென்டிமீட்டர் சதுரங்களாக 25 கட்டம் பதியுங்கள். இடமிருந்து வலமாகத் திறன் 10, 20, 30, 40, 50 சதவீதம். மேலிருந்து கீழாக வேகம் 5,000, 4,000, 3,000, 2,000, 1,000 மில்லிமீட்டர். மேல் இடது மூலையில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். கீழ் வலது மூலையில் ஓட்டை விழலாம். இரண்டுக்கும் நடுவில்தான் நமக்கு வேண்டிய கட்டம் இருக்கும்.

பிறகு அந்தத் துண்டைத் துவைத்து, காய வைத்து, இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். எழுத்து நின்று, நூலும் நிற்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். துண்டை ஒரு நோட்டில் பின் அடித்து, துணி வாங்கிய தேதி, எடுத்த கடை, எண்கள் எல்லாம் எழுதி வையுங்கள். பேரேடு எழுதுகிற கைக்கு இது புதிதல்ல. துணி லாட் மாறினால் சோதனையும் மாற வேண்டும்.

கண்ணும் தீயும்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

திறந்த அமைப்புள்ள இந்த இயந்திரங்கள் லேசர் ஆபத்து வரிசையில் நான்காம் வகுப்பு, அதாவது மிக உயர்ந்த வகுப்பு. நீல ஒளி கண்மணி வழியாக உள்ளே சென்று விழித்திரையில் குவியும். அங்கே ஏற்படும் தீப்புண் ஆறாது. நேராகப் பார்த்தால்தான் ஆபத்து என்பதில்லை. பையின் உலோக வளையம், ஜிப், பொத்தான் ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியே போதும். வெயில் கண்ணாடி இதற்கு உதவாது. கண்ணாடியின் மேல் 450 நானோமீட்டரும் அதற்கு உரிய ஓ.டி. எண்ணும் எழுதியிருக்க வேண்டும். ஓ.டி. 5 என்றால் ஒளியில் இலட்சத்தில் ஒரு பங்கே உள்ளே வரும் என்று பொருள். இயக்குபவருக்கு மட்டும் கண்ணாடி இருந்தால் போதாது. அறையில் நிற்கும் எல்லோருக்கும் வேண்டும். கடை முன்னால் வைத்து வாடிக்கையாளர் வேடிக்கை பார்க்க இயக்குவது கூடவே கூடாது. முற்றிலும் மூடிய பெட்டியோடு, கதவைத் திறந்தால் ஒளி நின்றுவிடும்படி அமைந்த இயந்திரங்களும் கிடைக்கின்றன. கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

அடுத்தது தீ. மளிகைக்கடையில் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்: கற்பூரம், தீப்பெட்டி, எண்ணெய், சாக்கு, பஞ்சுத்திரி, காற்றில் பறக்கும்போது பொறி பட்டால் தீப்பிடிக்கும் மாவுத்தூள். இவற்றுக்கு நடுவில் துணியைக் கருக்கும் இயந்திரத்தை வைப்பது வைக்கோல்போருக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டுவது போன்றது. தனி அறையில், சிமெண்டு மேடை அல்லது இரும்பு மேசை மேல் வையுங்கள். கையெட்டும் தூரத்தில் தண்ணீர் தெளிப்பானும் மின் தீயை அணைக்கும் கருவியும் இருக்கட்டும். இயந்திரம் ஓடும்போது ஒரு நிமிடம்கூட ஆள் விலகக் கூடாது. கல்லாவில் ஆள் கூப்பிட்டால் முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள், பிறகு எழுந்திருங்கள்.

பருத்திக்கு ஒரு குணம் உண்டு. சுடர் இல்லாமலே கங்காக நெடுநேரம் கனிந்துகொண்டிருக்கும். வெட்டிய துண்டுகளையும் ஓரத் துணுக்குகளையும் உடனே அடுக்கி மூடி வைக்காதீர்கள். தகரத் தட்டில் பரப்பி, தொட்டுப் பார்த்து, அரை மணி நேரம் கழித்து அடுக்குங்கள். இரவு கடை பூட்டும் நேரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே வேண்டாம். கடைக்குத் தீ இன்சூரன்ஸ் இருந்தால், இப்படி ஒரு வேலை தொடங்குவதை எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள்.

மூன்றாவது புகை. குழாய் வழியாக வெளியே தள்ளும் விசிறி அவசியம். நம் உடம்புக்கு மட்டுமல்ல, சரக்குக்கும் அது கேடு. தேயிலையும் காப்பித்தூளும் பக்கத்தில் இருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும் பொருட்கள். ஒரு மூட்டை தேயிலையில் கருகல் வாடை ஏறிவிட்டால், பத்துப் பைக்கு வாங்கிய கூலி அந்த நட்டத்துக்கு ஈடாகாது.

காசு எதில் இருக்கிறது

சாட்டின் துணியில் பூ, இலை, எழுத்து வெட்டித் தையற்கடைகளுக்குக் கொடுக்கலாம். பைக்கு ஒட்டித் தைக்கும் துணிச்சின்னம், ஜீன்ஸ் பெயர்ப்பட்டை, பள்ளிப்பை அடையாளத் துண்டு, கூடைக்குக் கட்டும் விலைச்சீட்டு ஆகியன நல்ல வேலைகள். தையல்காரருக்கு அட்டையில் அளவு மாதிரிகள், சிறு கடைகளுக்கு மார்க் அட்டைகள் வெட்டிக் கொடுப்பதும் நல்ல வேலை. துணிக்குத் திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கத்துக் கழிவுத் துண்டுகளை எடை போட்டு வாங்கினால் முதலும் குறையும். மின்செலவு பெரிதல்ல. இயந்திரம், பம்பு, விசிறி மூன்றும் சேர்ந்து 200 வாட் இழுத்தால் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட். செலவில் பெரியது அருகில் உட்காரும் ஆளின் நேரம்தான்.

ஆகவே விலை சொல்லும் முன் இப்படிக் கணக்குப் போடுங்கள்: துணி விலை, ஆள் நிமிடத்துக்கான கூலி, பாழாகும் துண்டுகளுக்குப் பத்தில் ஒரு பங்கு, இயந்திர விலையை மூன்று ஆண்டில் எடுப்பதற்கான மாதப் பங்கு. இவற்றைக் கூட்டி, அதன் மேல் இலாபம் வையுங்கள். மாதத்தில் எத்தனை மணி நேர வேலை உறுதியாகக் கிடைக்கும் என்று இரண்டு தையற்கடைகளிலும் ஒரு பைக் கடையிலும் விசாரித்துவிட்டுப் பிறகு முன்பணம் கட்டுங்கள். வேலை தெரிந்து இயந்திரம் வாங்க வேண்டும். இயந்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு வேலை தேடக் கூடாது.

அதுவரை கடைப்பையில் பெயர் போட வேண்டுமானால், ஒரு மார்க் அட்டையும் ஒரு டப்பா பெயின்ட்டும் போதும். கெட்டித் துணியில், துவைத்தாலும் நிற்கும் சாயத்தில், பிழையில்லாத தமிழில் நம் பெயர் இருக்கட்டும். அன்பர்கள் கணக்குப் பார்த்து இறங்கிப் பயன் பெறுவார்களாக.